இராணுவங்கள் செய்வதுபோல உதிரிப்பாகங்களை 3டி பிரின்டரில் எடுக்க நம்மூர்க் கராஜ்களால் முடியுமா?

படைகள் பழுதான பாகங்களைத் தாங்களே அச்சிட்டுக்கொள்வது உண்மையா, சம்மாந்துறை, வாழைச்சேனைப் பக்கத்துக் கராஜ்களுக்கு அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். 2018இல் அமெரிக்க மரைன் படையினர் எஃப்-35பி விமானத்தின் சக்கரக் கதவில் இருந்த சிறு பிளாஸ்டிக் முட்டுத்துண்டு ஒன்றை, பிரின்டர் உருக்கி அடுக்கும் பெட்ஜி (PETG) எனும் பிளாஸ்டிக் இழையில் எடுத்தார்கள். இழைக்குச் சில சதம்தான் செலவு. அச்சிடாவிட்டால் ஏறத்தாழ 70,000 டொலருக்கு முழுக் கதவையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஆஸ்திரேலிய இராணுவம் உலோகப் பொடியை அதிவேகமாகத் தெளித்து அடுக்கும் மெசினில் எம்113 கவச வண்டியின் சக்கர பேரிங் மூடியை அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தது. அமெரிக்கக் கடற்படையின் ஹாரி ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2018இல் அனுமதி பெற்ற உலோகப் பாகம், நீராவிக் குழாயில் தண்ணீர் வடிக்கும் ஒரு துணைப்பாகம். எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகும், ஒரு வருடம் பொருத்தி ஓடவிட்டு, கழற்றி ஆராய்வது என்றே ஏற்பாடு செய்தார்கள்.

முட்டுத்துண்டு, மூடி, வடிகால். அவர்கள் எதில் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது மெசினை அல்ல, "இது உடைந்தால் யாருக்கு என்ன ஆகும்?" என்ற முதல் கேள்வியை. பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், ட்ரெய்லர் கொக்கி ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் லைட் தாங்கி, சுவிட்ச் மூடி, கேபிள் கிளிப், தண்ணீர்ப் பம்பின் உறிஞ்சு வடிகட்டி, துளை போட உதவும் ஜிக் போன்றவற்றைத் தாராளமாக எடுக்கலாம்.

அதிகம் பிழைப்பது அளவெடுப்பதில்தான். தேய்ந்த பாகத்தை அப்படியே அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே அச்சிடுவீர்கள். அது போய்ப் பொருந்தும் மறுபக்கத்தை வெர்னியரால் மூன்று இடங்களில் அளந்து, அதிலிருந்து அளவைக் கணக்கிடுங்கள். அச்சில் துளைகள் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை சுருங்கி வரும், அந்தளவு கூட்டி வரையுங்கள். முழுப் பாகத்தையும் அடிக்க முன், துளையுள்ள பகுதியை மட்டும் 3 மி.மீ. உயரத்துக்கு எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

பிஎல்ஏ (PLA) இழை வேண்டாம். அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் மெசினின் கறுப்புத் தகரத்தில் அது வளைந்துவிடும். பெட்ஜி சுமார் 80 வரை நிற்கும். நாள் முழுக்க வெயில் படுவதென்றால் ஏஎஸ்ஏ (ASA) இழை நல்லது, ஆனால் பிரின்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து அடிக்காவிட்டால் பாகத்தின் மூலை தட்டிலிருந்து கிளம்பும். மாரி காலத்தில் இழை ஈரம் குடித்துவிடும். இழை உருகி வரும் நோசிலில் சடசடவென்று சத்தம் வந்தால் அதுதான் காரணம், அப்படி வந்த பாகம் அடுக்கடுக்காகப் பிரியும். பெட்ஜியை 65 பாகையில் ஆறு மணித்தியாலம் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள்.

0.4 மி.மீ. நோசிலில் ஐந்து சுவர் (பாகத்தின் வெளியோரத்தைச் சுற்றி அடிக்கும் கோடுகள்) வைத்தால் 2 மி.மீ. தடிப்பு கிடைக்கும். உள் நிரப்பலைக் கூட்டுவதைவிடச் சுவரைக் கூட்டுவது பலம் தரும். இழுவிசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வராதபடி பாகத்தைப் படுக்க வையுங்கள். போல்ட் இறுக்கும் துளைக்குள் உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். வெறும் பிளாஸ்டிக் நாளடைவில் அழுந்தி, நட் தானாகத் தளர்ந்துவிடும்.

உலோகப் பாகமே வேண்டுமென்றால்? உலோக பிரின்டரின் விலை சிறு கராஜ்களுக்குக் கட்டாது. ஆனால் பிளாஸ்டிக்கில் மாதிரி அடித்து, மண் அச்சில் பதித்து வார்ப்பிக்கலாம். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் மாதிரியை அலுமினியத்துக்கு 1.3 சதவீதம், பித்தளைக்கு 1.5 சதவீதம் பெரிதாக்குங்கள். லேத்தில் கடைய வேண்டிய முகங்களுக்கு மேலும் 2 மி.மீ. விடுங்கள். மாதிரி மண்ணிலிருந்து கழன்று வர, பக்கங்களுக்கு 2 பாகைச் சரிவு தேவை. அடுக்குக் கோடுகளைப் புட்டி பூசித் தேய்க்காவிட்டால் மண் பிய்ந்து வரும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த மெசின், என்ன இழை, எந்தப் பக்கம் படுக்க வைத்தது, எத்தனை சுவர், என்ன திகதி என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பூட்டி 10 மணித்தியாலம் ஓடிய பின் ஒரு தரம், 50இல் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். போல்ட் துளையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கேதான் வெடிப்புத் தொடங்குகிறது. அந்தப் பாகத்தைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.