வீட்டு லேத்துக்கு எந்த டயல் கேஜ் வாங்கலாம்? மைக்ரான் டயல் தேவையா, டிஜிட்டல் நல்லதா?

சின்ன பெஞ்ச் லேத், ஃபோர் ஜா சக்கில் (தனித்தனியாக நகரும் நாலு தாடை உள்ள பிடிப்பான்) ஜாப்பை, அதாவது கடையும் பொருளை, செண்டர் பண்ண, அதாவது சுழலும் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு 0.01 மி.மீ. பிரிவு, 10 மி.மீ. ஓட்டம் உள்ள சாதாரண பிளஞ்சர் டயல் (நேராக உள்ளே அழுந்தும் கம்பி உள்ள வகை) போதும். முள் ஒரு சுற்று சுற்றினால் 1 மி.மீ.; முகப்பில் நூறு கோடு. ஜப்பான் கம்பெனியான மிடுடோயோவில் வாங்கலாம், பூனா கம்பெனியான பேக்கரிலும் வாங்கலாம், இரண்டுமே வீட்டு வேலைக்குத் தாராளம். மிடுடோயோ பெயரில் போலிகளும் சுற்றுகின்றன, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மைக்ரான் டயல், அதாவது 0.001 மி.மீ. பிரிவு உள்ளது, வேண்டாம். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் ஆட்டம், ஜாப் மேல் டூல் விட்ட கோடு, நீங்கள் பெஞ்சில் கை ஊன்றுவது எல்லாமே அதில் தெரியும். முள் துள்ளிக்கொண்டே இருக்கும், எதை நம்புவது என்றே புரியாது. சாதாரண த்ரீ ஜா சக்கே 0.05 மி.மீ.க்கு மேல் மையம் விலகி ஓடுவது சகஜம். அந்த மெஷினில் மைக்ரானைத் துரத்தி என்ன பயன்?

டயலில் மிச்சம் பிடித்த காசை ஸ்டாண்டில் போடுங்கள். தப்பான ரீடிங் வந்தால் எல்லோரும் டயலைத்தான் திட்டுவார்கள், பல நேரம் குற்றவாளி ஸ்டாண்டின் கைதான். மெல்லிய கம்பியும் நாலைந்து திருகும் வைத்த மலிவு மேக்னட் ஸ்டாண்ட், பிளஞ்சரின் ஸ்பிரிங் அழுத்தத்துக்கே வளையும். கடையிலேயே சோதிக்கலாம்: டயலை எதன் மேலாவது தொடவைத்து, ஸ்டாண்டின் கையை விரலால் லேசாகத் தள்ளி விடுங்கள். முள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். வராவிட்டால் அந்த ஸ்டாண்ட் உங்களுக்கு வேண்டாம். ஒரே குமிழைத் திருகினால் எல்லா மூட்டும் இறுகும் வகை இன்னும் சௌகரியம். அப்புறம், டயலின் தண்டு 8 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்க அங்குல டயல்களில் அது 3/8 அங்குலம், 8 மி.மீ. ஓட்டையில் நுழையாது.

இனி செண்டர் பண்ணுவது. மெஷினை நியூட்ரலில் போட்டு சக்கைக் கையால் சுற்றுங்கள், பவரில் ஓடவிட்டு டயல் வைக்கவே கூடாது. பிளஞ்சர் செண்டர் உயரத்தில், ஜாப்புக்கு நேர் குத்தாக இருக்கட்டும். முதலில் ஒரு சுற்று அளவுக்கு அழுத்தி வைத்தால்தான் முள் இரண்டு பக்கமும் போக இடம் இருக்கும். எதிரெதிர் ஜா இரண்டை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் 0.60, மறுபக்கம் 0.20 என்றால் வித்தியாசம் 0.40, ஜாப் நகர வேண்டியது அதில் பாதி, 0.20 மட்டும்தான். முள் 0.40-இல் வந்து நிற்கும்வரை குறைந்த ரீடிங் பக்கத்து ஜாவைத் தளர்த்தி, எதிர் ஜாவை இறுக்குங்கள். பிறகு அடுத்த ஜோடி. அதைத் தொட்டதும் முதல் ஜோடி கொஞ்சம் மாறியிருக்கும், மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

லிவர் டயல், பட்டறையில் பப்பி டயல் என்பார்களே அது, போர், அதாவது ஜாப்பின் துளை, உள்ளே செண்டர் பார்க்கும் வேலை வரும்போது வாங்கினால் போதும். பிளஞ்சர் நுழையாத இடத்தில் அது நுழையும். ஆனால் ஓட்டம் 0.8 மி.மீ. அளவுதான், முரட்டு ஜாப்பிலோ கீவே (நீளப் பள்ளம்) வெட்டிய ஷாஃப்டிலோ வைத்தால் கெட்டுப்போகும். அதன் விரல், அதாவது தொடும் கம்பி, ஜாப்பின் பரப்போடு கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்க வேண்டும். 60 டிகிரி தூக்கி வைத்தால் முள் காட்டுவதில் பாதிதான் உண்மையான நகர்வு. ஆனால் செண்டர் பண்ணும்போது இது பெரிதாகப் பாதிக்காது. முள் அசையாமல் நின்றால் செண்டர் செண்டர்தான், கோணம் எதுவானாலும். எத்தனை மி.மீ. என்று எண்ணைப் படிக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

டிஜிட்டல்? கேரேஜ் (டூலைத் தாங்கி நகரும் பகுதி) எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க அருமை. செண்டர் பண்ண எனக்குப் பிடிக்காது. சக்கைச் சுற்றும்போது முள் போய் வருவதைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும், மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பிடிக்காது.

பழைய டயல் கிடைத்தால் பிளஞ்சரை மெதுவாக அழுத்தி விட்டுப் பாருங்கள். எங்காவது திக்கினாலோ, முள் ஒரே இடத்துக்குத் திரும்பாவிட்டாலோ எடுக்காதீர்கள். திக்குகிறதே என்று பிளஞ்சரில் எண்ணெயும் விடாதீர்கள், தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.