தானாக ரேஸ் ஏறி நின்றுபோகும் பழைய டிராக் ஆர்எக்ஸ் 100

பிரதர், காட்பாடி சர்ச் ஷெட்டில் பல வருஷம் கிடந்த, பந்தய டிராக்கில் ஓட்ட மாற்றிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வாலிபர் ஐக்கியத்துப் பசங்களோடு கிளப்பினால், இரண்டு நிமிஷத்தில் ரேஸ் (இன்ஜின் வேகம்) தானாக ஏறி இன்ஜின் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கார்புரேட்டரை மறுபடி பிரிக்க வேண்டாம். எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. சோக் போட்டதும் ரேஸ் இறங்கினால் பெரும்பாலும் அதுதான்.

மேக்னெட் கவரைக் கழற்றி கிராங்க் ஆயில் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். வேலூர் வெயிலில் சும்மா நின்ற வண்டியில் அதன் உதடு அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். நகத்தால் அழுத்தினால் வளையாது. கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். எப்படியும் இரண்டு பக்கச் சீலையும் மாற்றிவிடுங்கள், உதட்டில் கிரீஸ் தடவி. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டும் ரப்பரையும் மடக்கி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

டிராக் வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் பம்பைக் கழற்றி அடைத்திருப்பார்கள். அப்படியிருந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சீஸ்தான், அதாவது சிலிண்டரில் இறுகிச் சிக்கிவிடும்! லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து ஊற்றுங்கள். சிலிண்டரில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால் லேத்தில் போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது): ஸ்டாண்டர்ட் 50 மி.மீ., அடுத்த பிஸ்டன் 50.25 மி.மீ.

ரேஸ் ஏறும்போது பசங்க பிளக் கேப்பைப் பிடுங்க வேண்டாம், ஷாக் அடிக்கும். சாவியை அணைத்தால் போதும்.