ப்ளஸ் ஒன் கணக்கை விடுமுறையிலேயே படித்து வைத்தால் நல்ல மார்க் வருமா?

வரும். ஆனால் எவ்வளவு முன்னால் படிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு வீட்டில் யாரோ "இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்று உங்களைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. டியூஷனுக்கு வசதியில்லை. அக்காவின் புத்தகம் வீட்டில் இருந்ததால், சார் நடத்தப்போகும் பகுதியை முந்தின நாள் இரவே புரட்டிவிடுவேன். புரட்டுவது என்றால் பயிற்சிக் கணக்கு எல்லாம் போட்டு முடிப்பது இல்லை. எடுத்துக்காட்டின் தீர்வை நோட்டால் மறைத்துக்கொண்டு நானாக எழுதிப் பார்ப்பேன். மாட்டிக்கொள்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

எல்லைகள் பாடத்தில் ஒன்று வரும். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால், எக்ஸ் பூஜ்யத்தை நெருங்க நெருங்க விடை 1-ஐ நெருங்கும். சரி பார்ப்போமே என்று லாக் டேபிளை எடுத்தேன். சைன் 1 டிகிரி 0.0175 என்று இருந்தது. ஒன்றால் வகுத்தாலும் அதே 0.0175. 1 எங்கே, இது எங்கே? மறுநாள் சார் போர்டில் வட்டம் வரைந்துகொண்டே, "கோணம் ரேடியன்ல இருக்கணும்" என்று போகிற போக்கில் சொன்னார். பாதிப் பேர் அதை நோட்டில்கூட எழுதவில்லை. எனக்கோ தூக்கிவாரிப்போட்டது. 1 டிகிரி என்பது ஏறக்குறைய 0.01745 ரேடியன், நான்கு தசம இடத்துக்குச் சுருக்கினால் அதே 0.0175. வகுத்தால் 1! முந்தின இரவு முட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தே இருக்காது.

"இதெல்லாம் நல்லா படிக்கிற பசங்களுக்கு" என்று யாராவது சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் சுமார்தான். பன்னிரண்டில் 200-க்கு 190-ஐத் தாண்டினேன். சென்டம் இல்லை, சென்டம் எடுத்தவர்கள் வேறு வழி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை.

ஆனால் ஒரு வருடம் முன்னால் ஓடுவது வேறு கதை. என் சித்தி பையனைச் சேர்த்த விடுதிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் பாடத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு, ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடமும் ஓட்டினார்கள். அவன் சென்டம்தான். ஆனால் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். எல்லைகள், வகைக்கெழுவின் அடிப்படை எல்லாம் ப்ளஸ் ஒன்னில் அல்லவா இருக்கின்றன! பல பள்ளிகளில் இந்தக் கூத்து நடந்ததால்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போர்ஷன் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கணக்கு சார்கள் எடுத்துக்கொள்கிறார்களே, அதை ஏன் யாருமே தப்பு என்று சொல்வதில்லை? எங்களுக்கு டைம்டேபிளில் மட்டும்தான் விளையாட்டு. கபடிக் கோட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வகைக்கெழு போட்டோம். தமிழ் ஐயா ஒரு நாளும் அந்தப் பீரியடைக் கேட்டு வந்ததில்லை.

சரி, விடுமுறைக்கு வருவோம். பத்தாம் வகுப்புக் காரணிப்படுத்தலும் முக்கோணவியல் முற்றொருமைகளும் கைக்குப் பழகட்டும். அப்புறம் ப்ளஸ் ஒன் முதல் தொகுதியில் கணங்கள், சார்புகள் வரும் பாடத்தையும் அடிப்படை இயற்கணிதத்தையும் மட்டும் பாருங்கள். மீதியைப் பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் முன்னால் பார்த்தால் போதும். பழைய புத்தகம் கிடைத்தால் எந்த வருடப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். 2018-19-ல் பாடத்திட்டமே மாறிவிட்டது.