அளவுக் கொப்பியும் ஆலையும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

குடும்ப வியாபாரங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், ‘பாட்டன் தொடங்குவார், தகப்பன் பெருக்குவார், பேரன் பங்கு பிரிப்பான்’ என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பேரன் நான்தான் என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கத்தில் ஒரேயொரு மெஷினுடன் தொடங்கிய தையற்கடை, இன்று கஸ்தூரியார் வீதியில் ஆறு பேர் வேலை செய்யும் கடையாக இருக்கிறது. மாப்பிள்ளைக் கோட்டு, சட்டத்தரணிகளின் கறுப்புக் கோட்டு, பாடசாலை அணிகளின் பிளேசர் ஆகிய மூன்றுமே எங்கள் சீவியம். அப்பா கணக்குப் பார்க்கிறார், சித்தப்பா துணி வெட்டுகிறார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அப்பப்பா மெஷின்களைக் கடையிலேயே விட்டுவிட்டு, கத்தரிக்கோலையும் அளவுக் கொப்பிகளையும் மட்டும் ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கொழும்பில் ஒரு கிளை, பின்னர் ரொறன்ரோவில் ஒரு கிளை, இரண்டிலும் வெளிநாட்டில் தைத்து இறக்கிய ரெடிமேட் கோட்டுகள் என்பது என்னுடைய திட்டம். சித்தப்பா சம்மதிக்கிறாரில்லை. கோட்டுத் துணிக்குப் பேர்போன இந்தியாவின் ரேமண்டும் இத்தாலியின் சென்யாவும் குடும்பக் கம்பனிகளாகத்தானே வளர்ந்தன? அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வாசிக்க நன்றாக இருக்கிறது என்பதற்காக நான் எழுதிவிட்ட வரி. நீங்கள் பெயர் சொன்ன இரண்டு கம்பனிகளில் ஒன்று அதைப் பொய்யாக்குகிறது, மற்றது அரைவாசியை மெய்யாக்குகிறது. ஆகவே உங்கள் ஆட்சேபணையில் அரைவாசியை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கம்பனிகள் கிளை திறந்ததால் வளர்ந்தன என்று நீங்கள் எண்ணியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எர்மெனெஜில்டோ சென்யா 1910 இல் வட இத்தாலியில், அல்ப்ஸ் மலையடிவாரத்து ட்ரிவேரோ என்ற ஊரில் தமது கம்பளி நெசவாலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. கோட்டுக்குரிய துணி என்றால் இங்கிலாந்துத் துணிதான் என்றிருந்த காலம் அது. அவர் தறிகளை இங்கிலாந்திலிருந்தே வாங்கினார், மெல்லிய மெரினோ கம்பளியை அது விளையும் நாடுகளில் நேரே கொள்வனவு செய்தார், நெய்த துணியின் ஓரக்கரையில் தமது பெயரையும் பொறித்தார். இந்த மூன்றாவது காரியம் சிறியதாகத் தோன்றும், ஆனால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆலைக்கும் தையற்காரருக்கும் இடையில் நிற்கும் மொத்த வியாபாரியே அதுவரை விலையைத் தீர்மானித்து வந்தார். ஓரத்தில் உள்ள பெயரை வாசித்துவிட்டு ‘இதே துணி வேண்டும்’ என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கிய நாளில் அந்த வியாபாரியின் பிடி தளர்ந்துவிட்டது. நம்முடைய புடவைக் கடைகளிலும், துணியைத் தடவிப் பார்க்க முன்னரே ஓரத்தைத் திருப்பி எழுத்தை வாசிக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். என் தகப்பனாரும் அப்படித்தான், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிப்பார்.

1966 இல் சென்யா காலமான பிறகுதான் மகன்மார் அல்டோவும் அஞ்சலோவும் துணியிலிருந்து உடுப்புக்கு வந்தார்கள். ரெடிமேட் கோட்டுகள் 1968 இல் வந்தன, சொந்தக் கடை 1980 இல் பாரிஸில் திறக்கப்பட்டது. கணக்குப் பாருங்கள், எழுபது வருடம் அவர்களுக்கென்று ஒரு கடைகூட இருக்கவில்லை. 2021 டிசெம்பரில் கம்பனி நியூயோர்க் பங்குச் சந்தைக்குப் போனபோது அதை நடத்திக்கொண்டிருந்தவர் பேரன், பெரும்பான்மைப் பங்கும் குடும்பத்தின் கையைவிட்டுப் போகவில்லை. என்னுடைய வரி பொய்த்த இடம் இதுதான்.

ரேமண்டின் கதை வேறு வகையானது. பம்பாய்க்கு அருகே தானேயில் 1925 இல் தொடங்கிய அந்த ஆலையின் ஆரம்ப காலச் சரக்கு, கம்பளிப் போர்வைகளும் மலிவான முரட்டுக் கம்பளித் துணிகளுமே. கான்பூரின் சிங்கானியா குடும்பத்தைச் சேர்ந்த கைலாஷ்பத் சிங்கானியா 1944 இல் அதை எடுத்தார். 1958 இல் பம்பாய் பல்லார்ட் எஸ்டேட்டில் முதல் காட்சியறை திறக்கப்பட்டது. ‘பார்க் அவென்யூ’ என்ற ரெடிமேட் பெயர் 1986 இல் வந்தது. இந்த இடைப்பட்ட இருபத்தெட்டு வருடங்களும் அந்தக் காட்சியறைகளில் பெரும்பாலும் விற்றது வெட்டுத் துணி. வாங்கியவர் அதைப் பொதிசெய்து தம்முடைய தையற்காரரிடம் கொண்டு போனார். கோட்டு பிழைத்தால் ஏச்சு வாங்கியது தையற்காரர், நன்றாக அமைந்தால் பேர் வாங்கியது துணி. இதில் கெட்டித்தனம் இருக்கிறது, நியாயம் இருக்கிறதா என்பது வேறு விடயம். எப்படியாயினும், அந்தக் கம்பனியை வளர்த்தவர்களில் உங்கள் சித்தப்பாவைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள்.

அங்கே மூன்றாம் தலைமுறையில் நடந்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 2000 இல் தலைமை விஜய்பத் சிங்கானியாவிடமிருந்து மகன் கௌதமிடம் போனது, 2015 இல் தகப்பன் தமது பங்குகள் அனைத்தையும் மகனுக்கு எழுதிக்கொடுத்தார், 2017 இல் அதே தகப்பன் மும்பை ஜே.கே. ஹவுஸ் கட்டடத்தில் தமக்குச் சேரவேண்டிய வீடு பற்றி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வளவைப் பிள்ளைக்கு எழுதும் தாய் தகப்பன், சாகும்வரை அதை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டுதான் நன்கொடை உறுதி முடிப்பார்கள், நொத்தாரிசு மறந்தாலும் அம்மா மறக்கமாட்டா. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம் கடையை மட்டும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம். உங்கள் கடையின் வியாபாரப் பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது, சித்தப்பாவுக்கு அதில் பங்கு உண்டா, அல்லது சம்பளம் மட்டுந்தானா? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. அவர் சம்மதிக்காததன் காரணம் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இல்லாமல் இந்த இடத்தில்கூட இருக்கலாம்.

கிளை திறந்தே வளர்ந்தவர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது மொன்டேகு பேர்ட்டன். லித்துவேனியாவிலிருந்து 1900 இல், பதினைந்து வயது அளவில் இங்கிலாந்துக்கு வந்த யூதச் சிறுவன். செஸ்டர்பீல்டில் ஒரு சிறு கடையில் தொடங்கி, லீட்ஸ் நகரின் ஹட்சன் வீதியில் ஏறக்குறைய 10,000 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை வரைக்கும் போனார். அவருடைய கடைகளில் நடந்தது முக்கியமாக அளவெடுப்பது. ஊர் ஊராக எடுத்த அளவுகள் லீட்ஸுக்குப் போயின, வெட்டித் தைத்த கோட்டுகள் அதே கடைக்குத் திரும்பி வந்தன. மேல் வகுப்பாருக்கு மட்டும் கிடைத்த ‘அளவுக்குத் தைத்த கோட்டு’ சுரங்கத் தொழிலாளிக்கும் கிடைத்தது அப்படித்தான். புதுக் கடைகள் பலவற்றைக் கட்டும்போது அத்திவாரக் கல்லில் தம் பிள்ளைகளில் ஒருவரின் பெயரையும் ஆண்டையும் பொறிக்கச் செய்தார். அவர் 1952 இல் மறைந்தார். அடுத்த வருடமே கம்பனி இன்னொரு தையற் குடும்பத்தின் ஜாக்சன் கடைகளை வாங்கி, முழுக் கம்பனியையும் நடத்தும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்தது. அதன் பிறகு ஆண்கள் கோட்டுப் போடுவது குறைந்தது, அளவெடுப்பது நின்றது. கடைசியில் 2020 நவம்பரில் தாய்க் கம்பனி வீழ்ந்தது. 2021 இல் இணைய வியாபாரி ஒருவர் பேர்ட்டன் என்ற பெயரை மட்டும் வாங்கினார், கடைகளை வாங்கவில்லை. பிள்ளைகளின் பெயர் பொறித்த கற்கள் இன்னும் சில சுவர்களில் இருக்கின்றன, உள்ளே வேறு யாரோ வேறு ஏதோ விற்கிறார்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். சென்யாவின் கையில் துணி இருந்தது. ரேமண்டின் கையில் துணியும் பிறகு கடையும் இருந்தன. பேர்ட்டனின் கையில் இருந்தது அளவு, அதை விட்டபோது பிடிக்க வேறொன்றும் இருக்கவில்லை. உங்கள் திட்டத்தில் துணி உங்களுடையதல்ல, தையல் உங்களுடையதல்ல, அளவும் பெட்டியோடு வருகிறது. உங்களுடையதென்று மிஞ்சுவது பெயர்ப்பலகையும் கடை வாடகையுமே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். அவ்வேளையில் தைக்கும் கடைக்கு ஏறியது துணியின் விலை மட்டும், இறக்கி விற்கும் கடைக்கோ கோட்டு முழுவதன் விலையும் ஏறியது. தவிரவும், கொழும்பில் 1949 முதல் ஹமீடியா என்ற குடும்பக் கம்பனி இதே வியாபாரத்தில் நிற்கிறது. அவர்களுக்கு எதிரே, அவர்களும் இறக்கக்கூடிய சரக்கையே வைத்து நிற்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

ஒரு சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் மருமகனின் கலியாண எழுத்துக்குக் கொழும்பில் ஒரு கடையில் ரெடிமேட் கோட்டு ஒன்று வாங்கினேன். விலை குறைவென்று சொல்ல முடியாது. இரண்டாவது தடவை உலர் சலவைக்குக் கொடுத்து எடுத்தபோது நெஞ்சுப் பக்கத்துத் துணி, அப்பளம் பொரிந்ததுபோல் சிறு சிறு கொப்புளமாக எழும்பியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வயதான தையற்காரரிடம் கொண்டு போனேன். அவர் முன்பக்கத்தை மேலே ஒரு விரலும் உள்ளே ஒரு விரலுமாகப் பிடித்து மெல்ல உருட்டினார், பிறகு ஒரே வரியில் முடித்தார்: “தம்பி, இது தைச்ச கோட்டில்லை, ஒட்டின கோட்டு.” நல்ல கோட்டில் வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே, கோட்டின் வடிவைத் தாங்கும் கன்வஸ் என்ற உள்துணி தனியாக மிதக்கும், நூற்றுக்கணக்கான சிறு தையல்கள் அதைத் துணியோடு தளர்வாகப் பிடித்திருக்கும். மலிவான முறையில் அதைப் பசையால் சூடுகாட்டி ஒட்டிவிடுவார்கள். வாங்கும் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வித்தியாசம் வெளியே வர ஒரு வருடம் செல்லும். அந்த ஒரு வருடத்தின் பின் வாடிக்கையாளர் கோட்டைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்கு வருவார் என்று யோசியுங்கள். உங்கள் சித்தப்பா அதை யோசித்திருப்பார்.

உங்கள் அப்பப்பாவின் உரப்பையைப் பற்றி நீங்கள் ஒரு துயரக் கதையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கணக்காக வாசிக்கிறேன். மெஷின் திரும்ப வாங்கக்கூடிய சாமான். இருபது முப்பது வருடம் ஊரவரின் உடம்பை அளந்து எழுதிய கொப்பியை எங்கும் வாங்க முடியாது. தமது முதல் எது என்பது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெஞ்சு 38, இடுப்பு 32, தோள் 17½ என்று நீல மையில் எழுதி, இடுப்பை மட்டும் வெட்டி 35 ஆக்கி, இன்னொரு முறை சிவப்பு மையில் 37 ஆக்கியிருக்கிறார்கள். இடுப்பு மாறியிருக்கிறது, தோள் மாறவில்லை. அதன் கீழே ‘வலத்தோள் அரை இறக்கம்’ என்று ஒரு குறிப்பு. ஒரு கோட்டைக் கழுத்தடியில் சுருங்காமல் இருத்துவது இந்தக் குறிப்புத்தான், மெஷினோ துணியோ அல்ல. இந்தக் கொப்பிகளில் உள்ளவர்களில் எத்தனை பேர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருப்பார்கள், எத்தனை பேரின் பிள்ளைகள் ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் ஒரு கிழமை லீவில் கலியாணத்துக்கு வந்து, ஐந்து நாளில் கோட்டு வேண்டுமென்று உங்கள் கடை வாசலில் நிற்கிறார்கள்?

ஆகவே ரொறன்ரோவில் கடை வேண்டாம், அளவு நாடா போதும் என்கிறேன். கோட்டுத் தையலுக்குப் பேர்போன இலண்டன் சவில் றோ வீதித் தையற்காரர்கள் நெடுங்காலமாகவே அமெரிக்காவுக்குப் போய், விடுதி அறைகளில் தங்கி, அளவெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வருடத்தில் இரண்டு கிழமை, ஒரு மண்டப அறை, துணி மாதிரிப் புத்தகம், அளவெடுக்கத் தெரிந்த ஒருவர் ஆகியவை உங்களுக்கும் போதும். வெட்டும் தையலும் கஸ்தூரியார் வீதியிலேயே நடக்கும், பொருத்திப் பார்ப்பது மாப்பிள்ளை ஊருக்கு வந்து இறங்கும் நாளில். பேர்ட்டன் லீட்ஸிலிருந்து செய்ததையே நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து செய்கிறீர்கள். கொழும்பைப் பிறகு பார்க்கலாம்.

இதற்குத் தடையாக இருப்பது பணமல்ல, வெட்டுபவர் ஒருவரே என்பது. ஆறு பேரில் அவருக்கு அடுத்து வெட்டக்கூடியவர் யாரென்று நீங்கள் எழுதவில்லை, அப்படியொருவர் இல்லை என்றே ஊகிக்கிறேன். கிளைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இரண்டு இளைஞர்களுக்கு மூன்று வருடச் சம்பளமாகக் கொடுத்து, அவர்களைச் சித்தப்பாவின் மேசையருகே நிறுத்துங்கள். துணி வீணாகும், அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், தோள் குறிப்புக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்னப் பிறை கீறியிருக்கிறது. முதுகுக் கூனலாக இருக்கலாம், கழுத்து முன்னால் சாய்வதாக இருக்கலாம், கடன் பாக்கியாகக்கூட இருக்கலாம். கொப்பிகளைத் தட்டச்சுச் செய்து கணினியில் ஏற்றுவதற்கு முன்னர் சித்தப்பாவோடு இருந்து இப்படியான குறிகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்.