குழி, சென்ட், ஏர், இஞ்ச்: அளவுக் கேள்விகளுக்குப் பதில்கள்

அடியா மீட்டரா என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனை, கட்டடம், குழாய், படகு பற்றியவை. கணக்கோடு பதில் சொல்லக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வில்லியனூர் பக்கம் ஒரு மனை பேசி வைத்திருக்கிறோம். பழைய பத்திரத்தில் 3 குழி 4 வீசம் என்று இருக்கிறது. பட்டாவில் 0-01-72. தரகர் 1,872 சதுர அடி என்கிறார். மூன்றும் ஒன்றுதானா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: பத்திரமும் தரகரும் சொல்வது ஒன்று. பட்டா சொல்வது வேறு.

புதுச்சேரிப் பத்திரங்களில் வரும் குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கு வீசம், 36 சதுர அடி. மூன்று குழிக்கு 1,728, நான்கு வீசத்துக்கு 144, ஆக மொத்தம் 1,872. தரகர் கணக்கில் தப்பில்லை.

பட்டாவில் உள்ள மூன்று எண்களும் வரிசையாக ஹெக்டேர், ஏர், சென்டியர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியர் ஒரு சதுர மீட்டர். 0-01-72 என்றால் 172 சதுர மீட்டர். அதை 10.764ஆல் பெருக்கினால் 1,851 சதுர அடிதான் வருகிறது. பத்திரத்தின் 1,872 சதுர அடியை மீட்டருக்கு மாற்றினால் 173.9. முழு எண்ணாக்கி எழுதினால் 174 என்று பதிவாகியிருக்க வேண்டும். அரை சென்டியர் வரை கூடக் குறைய இருந்தால் முழு எண்ணாக்கியதில் வந்தது என்று விட்டுவிடலாம். இரண்டு சென்டியர் அப்படி வராது. ஏதோ ஒரு காலத்தில் அளந்தவர்களுக்குள் வந்த வித்தியாசம் அது. சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த 21 சதுர அடியின் விலை 63,000 ரூபாய்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் புல வரைபட நகல் வாங்குங்கள். 30 மீட்டர் ஸ்டீல் டேப்பால் நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் மீட்டரில் அளந்து எழுதுங்கள். துணி டேப் இழுக்க இழுக்க நீளும், அது வேண்டாம். மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பரப்பு கண்டு கூட்டுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. மூலை சரியான செங்கோணமாக இல்லாத மனையில் அந்தக் கணக்கு உண்மையான பரப்பைவிடக் கூடுதலாகத்தான் வரும், ஒருபோதும் குறையாது. விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம். அளந்து வந்த சதுர மீட்டருக்கே விலை பேசுங்கள். பத்திரத்தில் சதுர மீட்டரையும் அதற்கு நேரான சதுர அடியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான்கு எல்லைகளைத் தெளிவாக எழுதுவது இதைவிட முக்கியம். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும்.

இன்னொன்று. குழி என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். காவிரிப் பாசன வழக்கில் குழி என்பது 12 அடிக் கோலால் அளந்தது, 144 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். புதுச்சேரி வழக்கில் நூறு குழி ஒரு காணி, 132 சென்ட். சொல் ஒன்று, நிலம் நான்கு மடங்கு.

கேள்வி: எங்கள் பட்டாவில் 0-12.50 என்று இருக்கிறது. பன்னிரண்டரை சென்ட்தான் என்று வைத்துப் பாகம் பிரிக்கலாம் என்கிறார் அண்ணன். சரியா?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: சரியில்லை. பாகப்பத்திரம் எழுதுவதை நிறுத்தி வையுங்கள். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 12.50 என்பது ஏர். ஒரு ஏர் 2.471 சென்ட் ஆகவே உங்கள் நிலம் 30.89 சென்ட். அண்ணன் சொன்னபடி எழுதினால் 18 சென்ட்டுக்கு மேல் பத்திரத்தில் ஏறாமல் போய்விடும்.

வீட்டில் பழைய புலப்படம் இருந்தால் அதையும் கவனித்துப் படியுங்கள். பழைய படங்களில் பக்க நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறு லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம், 20.1 செ.மீ. படத்தில் 150 என்று இருப்பதை அடி என்று படித்தால் 99 அடிப் பக்கம் 150 அடியாகிவிடும். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்பதால், லிங்கிலேயே பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் நேராக வந்துவிடும்.

கேள்வி: அடியும் அங்குலமும்தான் கைக்கு வசதி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் மீட்டர்தான் உயர்ந்தது என்கிறோம். உண்மையில் எது நல்லது?
(ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அடிக்கு ஒரு நிஜமான வசதி உண்டு. பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். மூன்றில் ஒரு அடி நான்கு அங்குலம். மீட்டரில் அது 33.33 என்று இழுக்கும். பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எழுதி வைக்கும் கணக்குக்கு மீட்டர்தான் என்று உறுதியாகச் சொல்வோம். பிரான்ஸில் 1795-ல் சட்டமாகி 1840 முதல் கட்டாயமான முறை இது. புதுச்சேரிப் பட்டாவில் இன்றும் நிற்கும் ஏரும் சென்டியரும் அங்கிருந்து வந்த பெயர்கள். ஆங்கிலேயர் ஆண்ட கடலூரில் அடியும் ஏக்கரும் வேரூன்றின. இந்தியா 1956-ல் சட்டம் கொண்டுவந்து 1958 முதல் படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறியது. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள் சேர்ந்து ஓர் அங்குலம் என்றால் சரியாக 25.4 மி.மீ. என்று ஒப்புக்கொண்டன. அங்குலத்துக்கே இன்று அளவுகோல் மீட்டர்தான்.

1999-ல் செவ்வாயைச் சுற்ற அனுப்பிய நாசா விண்கலம் அழிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் நாலரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பொறியாளர் தந்த வரைபடம் மி.மீ.-ல் இருக்கிறது. மேஸ்திரி அடியில்தான் பேசுகிறார். வேலையில் எதைப் பிடித்துக்கொள்வது?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: வரைபடத்தை. மேஸ்திரி வாயால் அடி சொல்லட்டும், டேப்பில் மி.மீ. பக்கத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் கால்குலேட்டரில். அறை 9 அடி 6 அங்குலத்துக்கு 11 அடி 10 அங்குலம் என்று வையுங்கள். பலர் இதை 9.6 பெருக்கல் 11.10 என்று தட்டுகிறார்கள். விடை 106.6 சதுர அடி. சரியான கணக்கு 9.5 பெருக்கல் 11.833, அதாவது 112.4. ஓர் அறையிலேயே ஆறு சதுர அடி போகிறது. ஏனென்றால் 11.10 என்பதும் 11.1 என்பதும் கால்குலேட்டருக்கு ஒன்றே, அது 11 அடி 1.2 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் அங்குலத்தை அப்படியே போடக் கூடாது, பன்னிரண்டால் வகுத்துப் போட வேண்டும். 2,896 மி.மீ., 3,607 மி.மீ. என்று எழுதினால் இந்தத் தப்புக்கு இடமே இல்லை.

கதவு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். மூன்றுக்கு ஏழு என்று பேசி வைக்கும் அளவு 914க்கு 2,134 மி.மீ. கடையில் வரும் ரெடிமேட் கதவு 900க்கு 2,100. நிலையை அடிக் கணக்கில் செய்துவிட்டால் அகலத்தில் 14, உயரத்தில் 34 மி.மீ. இடைவெளி நிற்கும். எந்தக் கதவு என்று முடிவு செய்த பிறகே நிலைக்குச் சொல்லுங்கள்.

கம்பியில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. நாலு நூல் 12.7 மி.மீ. கடையில் நாலு நூல் என்று கேட்டால் கிடைப்பது 12 மி.மீ. கம்பி. எடையை விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்துப் பாருங்கள்: 144ஐ வகுத்தால் மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பிக்கு 10.67 கிலோ. நாற்பது அடிக் கம்பி என்கிறார்களே, 12 மீட்டர் 39 அடி நாலரை அங்குலம்தான். வெட்டுக் கணக்குப் போடும்போது அந்த ஏழரை அங்குலம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேல்தொட்டி லைனில் வெள்ளை யூபிவிசி முக்கால் இஞ்ச், பாத்ரூமில் சிபிவிசி. இரண்டும் இணையவில்லை, ஒரு இஞ்ச் சிபிவிசி சாக்கெட்டில் ஒட்டிவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: கூடாது. முக்கால் இஞ்ச் என்பது குழாயின் பெயர். அந்தக் குழாயில் எங்கே அளந்தாலும் 19 மி.மீ. கிடைக்க வேண்டும் என்று இல்லை. முக்கால் இஞ்ச் யூபிவிசியின் வெளிவிட்டம் 26.7 மி.மீ., சிபிவிசியில் அதே முக்கால் இஞ்ச் 22.2 மி.மீ. ஒரு இஞ்ச் சிபிவிசி 28.6. அந்த சாக்கெட்டில் உங்கள் யூபிவிசியைச் செருகினால் ஏறக்குறைய 2 மி.மீ. ஆட்டம் இருக்கும். சால்வென்ட் இடைவெளியை நிரப்பும் பசை அல்ல, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குவது. கெட்டியாக அப்பினால் வெளிப்புறம் காய்ந்து, உள்ளே இளகி நின்று, தொட்டி நிறைந்த அழுத்தத்தில் கசியும்.

சரியான வழி மரை இணைப்பு. யூபிவிசி முனையில் பித்தளை உள்மரை உள்ள அடாப்டர், சிபிவிசி முனையில் வெளிமரை அடாப்டர். வெளிமரையில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றிக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்றுக்குள் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உள்மரையில் பித்தளை வெளிமரையைப் போடாதீர்கள், இறுக்க இறுக்க ஆப்பு போலப் பிளக்கும்.

தோட்டத்துக்கு வாங்கும் விவசாயப் பிவிசியில் 63, 75, 90, 110 என்று இருப்பது வெளிவிட்டம், மி.மீ.-ல். அங்கே எண்ணும் அளவும் ஒத்துப்போகும்.

கேள்வி: படகு இன்ஜினில் ஒரு போல்ட் நாலைந்து சுற்று நன்றாக ஏறிப் பிறகு இறுகிவிட்டது. பலமாக முறுக்கியதில் மரை போய்விட்டது. என்ன தப்பு?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: எம்10 நட்டில், அதாவது 10 மி.மீ. மெட்ரிக் நட்டில், 3/8 இஞ்ச் போல்ட்டைப் போட்டிருப்பார்கள். 3/8 இஞ்ச் 9.5 மி.மீ. என்பதால் 10 மி.மீ. நட்டுக்குள் லேசாக நுழைகிறது. ஆனால் மரைகளின் நெருக்கம் வேறு. எம்10-ல் மரைக்கு மரை 1.5 மி.மீ., 3/8-ல் 1.59. ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. முறுக்கித் தள்ளினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. ஒன்றிரண்டு மரை மட்டுமே பாரம் தாங்கும், அதிர்வில் கழன்றுவிடும்.

ஸ்கேலை மரைமேல் வைத்துப் பத்து மரையை அளந்து பாருங்கள். 15 மி.மீ. என்றால் எம்10, கிட்டத்தட்ட 16 என்றால் 3/8. தலையில் 8.8 போல எண் பொறித்திருந்தால் மெட்ரிக். மையத்திலிருந்து விரியும் மூன்று அல்லது ஆறு கோடுகள் இருந்தால் இஞ்ச் போல்ட். இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

கேள்வி: படகில் ஆழம் பார்க்கும் புது எக்கோ சவுண்டரில் 10 என்று காட்டுகிறது. பத்துப் பாகமா, மீட்டரா?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அடி, மீட்டர், ஃபேத்தம் மூன்றில் எதற்கும் கருவியை வைக்கலாம். ஃபேத்தம் நம் பாகத்தோடு ஏறத்தாழ ஒக்கும், 1.83 மீட்டர். பத்து என்பது அடியாக இருந்தால் 3 மீட்டர், ஃபேத்தமாக இருந்தால் 18 மீட்டருக்கு மேல். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கருவி காட்டும் ஆழம் உணரி பொருத்திய இடத்திலிருந்து கீழே, நீர்மட்டத்திலிருந்து அல்ல. அந்த வித்தியாசத்தைக் கயிற்றளவில் கழித்துக்கொள்ளுங்கள்.