சி919: சீன விமானம் உலகச் சந்தைக்கு வருவதில் என்ன சிக்கல்?

"சீனாவின் சி919, ஏர்பஸ் ஏ320-க்கும் போயிங் 737-க்கும் போட்டியாக வருமா? எது தடுக்கிறது?" என்பது கேள்வி.

நான் பல வருடம் விமான உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நள்ளிரவில் வரும் போன்தான். 'ஏஓஜி' என்பார்கள். ஏதோ ஒரு பாகம் கெட்டு, விமானம் கிளம்ப முடியாமல் தரையில் நிற்கிறது என்று அர்த்தம். ஏ320 என்றால் பெரிய விமான நிலையம் எதிலாவது யாரிடமாவது அந்தப் பாகம் இருக்கும், கடனாகக்கூட வாங்கிவிடலாம். அரிதான ரக விமானம் என்றால் ஒரு சின்ன வால்வுக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் குத்தகைப் பணம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரஷ்யாவின் சூப்பர்ஜெட்டுக்கு இதுதான் நடந்தது. மெக்ஸிகோவின் இன்டர்ஜெட் 2013-ல் அதை ஆசையாக வாங்கியது. பாகம் கிடைக்காமல், நின்றுபோன விமானங்களில் இருந்து கழற்றி மற்றவற்றில் மாட்டும் நிலைமைக்கு வந்தது. நல்ல விமானம்தான்; பின்னால் ஆள் இல்லை. சி919-க்கும் நான் பயப்படுவது இதற்காகத்தான்.

சான்றிதழ் அடுத்த தடை. சீன விமானப் போக்குவரத்து ஆணையம் 2022-ல் அனுமதி கொடுத்தது, 2023 மே 28 அன்று ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்குப் பயணிகளோடு பறந்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் (ஈஏஎஸ்ஏ) தலைவரோ, தங்கள் அனுமதிக்கு இன்னும் 3 முதல் 6 ஆண்டு ஆகும் என்று 2025-ல் சொன்னார். அந்த முத்திரை இல்லாத விமானத்தை வாங்கப் பல நாடுகள் தயங்கும்.

அப்புறம் இன்ஜின். அதில் இருப்பது லீப்-1சி. அமெரிக்காவின் ஜிஇ-யும் பிரான்ஸின் சஃப்ரானும் சேர்ந்து செய்வது. 2025-ல் வர்த்தகச் சண்டையின்போது அமெரிக்கா அதன் ஏற்றுமதியை நிறுத்தியது, ஜூலையில் திரும்ப அனுமதித்தது. சில வாரங்கள்தான். ஆனால் இருபது வருடம் ஓட்டப்போகும் விமானத்தை வாங்குகிறவர் அதை மறப்பாரா? சீனாவின் சொந்த இன்ஜினான சிஜே-1000ஏ இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

எண்ணிக்கையும் சின்னது. 2024-ல் ஏர்பஸ் எல்லா ரகமும் சேர்த்து 766 விமானங்களைக் கொடுத்தது. சி919 சுமார் ஒரு டஜன்.

ஆனாலும் கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சி919-ஐச் செய்யும் அதே சீன நிறுவனத்தின் சின்ன ஜெட்டான ஏஆர்ஜே21 (இப்போது சி909) 2023-லேயே இந்தோனேசியாவின் டிரான்ஸ்நுசா விமான நிறுவனத்தில் பறக்கத் தொடங்கியது. 2025-ல் வியட்நாமின் வியட்ஜெட் இரண்டை எடுத்தபோது, விமானிகளோடு சேர்த்து சீனாவின் செங்டு ஏர்லைன்ஸிடமிருந்து வாடகைக்குத்தான் எடுத்தது. இது சரியான வழி என்றே நினைக்கிறேன்: பழுது பார்க்கத் தெரிந்த ஆட்களும் கூடவே வருகிறார்கள். சீனாவுக்கு வெளியே ஒரு முழுக் கிடங்கும், உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு லைசென்ஸ் பயிற்சியும் எப்போது வருகின்றன என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.