புறநகரில் கட்டடங்கள் இல்லாமல் இயற்கையைப் படம் எடுப்பது எப்படி?

“எங்கள் ஏரியா வேகமாக வளர்கிறது. பறவைகளைப் படம் எடுக்கப் போனால் எங்கே திரும்பினாலும் அடுக்குமாடியும் மின்கோபுரமும் ஃப்ரேமுக்குள் வந்துவிடுகின்றன, எப்படித் தவிர்ப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். தவிர்க்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

நான் அதிகம் படம் எடுப்பது சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த, சுமார் 1,247 ஹெக்டேர் ஈரநிலம் அது. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அதை ஊடறுத்துப் போகிறது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, கிழக்கே ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஐ.டி. கட்டடங்கள். இங்கே பூநாரையை நெருக்கமாக எடுத்துப் பின்னணியை மங்கலாக்கிவிட்டால், அது பழவேற்காடா, கோடியக்கரையா என்று யாருக்கும் தெரியாது. அது பள்ளிக்கரணை என்று சொல்வதே பின்னால் நிற்கும் கட்டடங்கள்தான்.

இதற்கு வைட் லென்ஸ் அவ்வளவாக உதவாது. தூரத்துக் கட்டடம் தீப்பெட்டி மாதிரி சுருங்கிவிடும். 300, 400 மி.மீ. லென்ஸோடு நன்றாகப் பின்னால் தள்ளி நில்லுங்கள். பறவைக்கு முதுகுக்குப் பின்னாலேயே கட்டடம் எழுந்து நிற்பதுபோல் வரும். லென்ஸ் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப்/11-ல் வைத்தால் ஜன்னல்கள் ஓரளவு அடையாளம் தெரியும். வெளிச்சம் குறைந்தால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றலாம். மாலையில் கிழக்கு நோக்கி எடுத்தால் வெயில் நமக்குப் பின்னாலிருந்து விழும். கண்ணாடிச் சுவரும் கூழைக்கடாவின் இறகும் ஒரே நிறத்தில் ஒளிரும். காலையில் அதே இடம் வெறும் நிழலுருவம்தான், பனிமூட்டம் இருந்தால் அதுவும் அழகு.

ஆனால் பறவை முன்னால், கட்டடம் பின்னால் என்ற படம் சீக்கிரம் அலுத்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து மழைநீரெல்லாம் இந்தச் சதுப்புக்குத்தான் வருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கடலுக்கும் போக வேண்டும். அந்த வழியில் நடந்து பாருங்கள். மழை விட்டதும் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தில் தண்ணீர் சுழித்து ஓடும்; அதன் வாயிலேயே மடையான் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மீனுக்காக நிற்கும். தலைக்கு மேலே தண்ணீர் லாரி போய்க்கொண்டிருக்கும். இயற்கையும் நகரமும் சந்திப்பது அந்த ஒரே ஃப்ரேமில் முழுசாக இருக்கிறது.

அப்புறம், குடியிருப்புச் சுவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தெருக்களில் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நின்றது. மேலே பெயிண்ட் பளிச்சென்று, கீழே சேறு படிந்து உப்பியிருக்கும். அந்தக் கோட்டை மட்டும் எடுத்தால் உயரம் புரியாது. கேட்டோ, ஈ.பி. மீட்டர் பெட்டியோ கூட வரும்படி எடுங்கள். வீட்டுக்காரரிடம் “அண்ணா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். பாதிப் பேர் கையை வைத்துக் காட்டுவார்கள், அதுவே நல்ல படம். கடன் வாங்கி இங்கே வீடு வாங்கியவர்களைக் குற்றவாளிகள்போலக் காட்டும் படங்களை என்னால் ஏற்க முடிவதில்லை. சதுப்பில் மண் கொட்டி மேடாக்கியது அவர்கள் இல்லை.

உங்கள் ஊரில் ஓர் ஏரியோ குட்டையோ இருந்தால் போதும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் அதே மாதம், அதே லென்ஸ், அதே திசை. சம்புப் புதர் எப்போது போனது, காம்பவுண்ட் சுவர் எப்போது வந்தது என்று படங்களே வரிசையாகச் சொல்லும். மனு கொடுக்கப் போகிறவர்களுக்கும் அது பயன்படும். அதனால் இடம், தேதி, பார்த்த திசை மூன்றையும் எழுதாமல் ஒரு படத்தையும் வெளியிடாதீர்கள். பறவைக் கணக்கை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். தாழைக்கோழியோ இலைக்கோழியோ கூடு வைத்திருந்தால் மட்டும், அந்த இடத்தை எங்கும் குறிப்பிடாமல், கிட்டே போகாமல் வந்துவிடுங்கள். ட்ரோனும் வேண்டாம்.